மாடிப்படியில் யானை

ஜூன் 4
ஞாயிறு மதியம்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை போகவில்லை. அதனால் வெறும் தம்பிக்கு.

போனில் கூப்பிட்டால் நான் கத்துவேன். நீ 'சரிக்கா, சரிக்கா' என்று சொல்லி வைத்துவிடுவாய். அந்த 'சரிக்கா'வைக் கேட்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. காகிதத்தில் என்னால் முழுசாகத் திட்ட முடியும்.

திங்கட்கிழமை என் கண்ணாடிக் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். படிக்கும் கண்ணாடி தயாராகியிருந்தது. மாட்டிவிட்டு, வழக்கம் போல அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்து, "எங்க, பொடி எழுத்தா பாத்து ஏதாவது படிங்க" என்றேன். அவர் சத்தமாகப் படித்தார். 'பொழுதுபோக்காக ஊதுகிறவர்களோடு பெரிய இசையைத் தொட முடியாது. என் பழைய ஊரில் நான் பல வருடங்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன் என்கிறார், நகர இசைக்குழுவின் புதிய நடத்துனர்.' பக்கத்தில் உன் போட்டோ. புதுச் சட்டை.

"எழுத்து தெளிவா தெரியுதா?" என்று கேட்டேன்.

"ரொம்பத் தெளிவா தெரியுதும்மா" என்றார்.

எனக்கும் தெரிந்தது.

நீ போனதைப் பற்றி நான் கேட்கவில்லை. பெரிய குழு, முழுநேர வேலை, போக வேண்டியதுதான். ஆனால் போகிற செய்தியை, நம் குழு பயிற்சி செய்கிற தீயணைப்பு நிலையத்து மாடியில், அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்திச் சொன்னாயே. நானும் மற்றவர்களோடு நின்று, எட்டிப் பார்த்துப் படித்தேன். எனக்குப் பின்னால் நின்ற பேக்கரிக்காரர், "ஏம்மா, உங்களுக்குமா தெரியாது?" என்று கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பேப்பரைப் பயிற்சிக்கு எடுத்துப் போனேன். படித்துக் காட்டினேன். கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மருந்துக்கடை அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "எந்தப் பெரிய இசைன்னு சொல்றாரு? அந்த யானையா?"

யானைதான். போன வருஷம் நீ கொண்டுவந்து எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாயே, அதே இசைதான். 'இந்த யானைய இந்த மாடிப்படில ஏத்த முடியாதுங்க' என்று பேக்கரிக்காரர் சொன்னதிலிருந்து அதற்கு அதுதான் பெயர். அதை டிசம்பரில் நகரசபை மண்டபத்தில் நாங்கள் வாசிக்கப் போகிறோம். முடிவு செய்தாகிவிட்டது.

அவரவர் வாத்தியத்துக்கான தாள்கள் எங்களிடம் இருக்கின்றன. எல்லா வாத்தியமும் சேர்ந்த முழுப் பிரதியை நீ எடுத்துப் போய்விட்டாய். அது குழுவின் சொத்து. அனுப்பிவை.

இப்படிக்கு,
அக்கா


ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 'அன்புள்ள' எழுதக் கை வருகிறது. மற்றபடி கோபத்தில் உனக்குக் குறைந்தவன் இல்லை.

டிசம்பரில் யானையை வாசிக்கப் போகிறீர்கள். நல்லது. போன வருஷம் நான் அதைக் கொண்டுவந்தபோது என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். 'வேண்டாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்' என்றேன். முதலில் எழுந்த கை யாருடையது? டிராம்போனில் இருக்கும் தீயணைப்பு வீரர்கூட உன் கையைப் பார்த்த பிறகுதான் தன் கையைத் தூக்கினார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். இரண்டாம் பாகத்தில் உன் ஹார்ன் தனியாக வருகிற இடம் உனக்குப் பயம். அதைச் சொல்லியிருக்கலாம்.

பேப்பரில் சொன்னதைச் சொன்னதுதான். பேக்கரிக்காரர் ட்யூபாவை மடியில் வைத்துக்கொண்டு பன் தின்கிறார். ட்யூபாவுக்குள் ஒருநாள் துணுக்கு விழுந்து, அதை எடுக்க அரை மணி நேரம் போனது. மருந்துக்கடை அம்மா ஒருநாள்கூட நேரத்துக்கு வந்ததில்லை. ட்ரம்பெட்டுக்காரர் வீட்டில் பெட்டியைத் திறப்பதே இல்லை. திறந்திருந்தால் போன வாரம் வைத்த இருமல் மருந்து பாட்டில் இந்த வாரமும் அதற்குள் இருக்காது. தீயணைப்பு வீரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், மணி அடித்தால் அவர் ஓடத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு எந்த மணி அடித்தது?

இங்கே வந்த முதல் வாரம் யானைக்கு வேறு தாள்கள் வரவழைத்து இவர்கள் முன்னால் வைத்தேன். யாரும் இதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்தபடியே ஆரம்பத்திலிருந்து கடைசிவரை வாசித்தார்கள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இதைக் கேட்க உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் அப்படித்தான் நடந்தது.

முழுப் பிரதி இத்துடன் இருக்கிறது. தாள் குழுவினுடையது. அதில் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள் என்னுடையவை. எல்லாவற்றையும் ரப்பரால் அழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

பார்சல் வந்தது. இத்தனை பக்கத்தையும் உட்கார்ந்து அழித்திருக்கிறாய். கை வலித்திருக்குமே. ரப்பர் தூள் தாளுக்குத் தாள் உதிர்ந்தது. உன் அத்தான் மேஜையைத் துடைத்துவிட்டு, "உன் தம்பிக்கு அந்த ஊர்ல வேலை ஜாஸ்தி இல்ல போல" என்றார். அவர் எப்போதும் உன் பக்கம்தான் பேசுவார். அவரே சொன்னார்.

நீ பிடித்திருந்த நடத்துனர் கோலை இப்போது பிடித்திருப்பது யார் தெரியுமா? ட்ரில் மாஸ்டர். பெரிய மேளம் அடிப்பவர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிடுகிறவர், அவரேதான். சிரிக்காதே. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் வாரம் கோல் இல்லாமலேயே ஊதிப் பார்த்தோம். சந்தையில் வண்டி கவிழ்ந்தது போல இருந்தது. மாஸ்டர் மேளத்தை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "எல்லாரும் வாத்தியத்த கீழ வைங்க. எழுந்து நில்லுங்க. காலால நடங்க" என்றார். பேக்கரிக்காரரும் நடந்தார். கீழே இருந்து ஒருவர், மாடி இடிகிறதா என்று வந்து பார்த்தார்.

மாஸ்டரின் மனைவி அக்கம்பக்கத்தில் பெருமையாக 'அவரு இப்ப கண்டக்டர்' என்று சொல்லியிருக்கிறார். "பள்ளிக்கூட வேலை போயிடுச்சா? எந்த பஸ்ல?" என்று கேட்டார்களாம்.

நன்றாக வருகிறது என்று நான் சொல்லவில்லை. கேவலமாக இருக்கிறது. முதல் பாகத்தில் கிளாரினெட்டுகள் ஓடுகிற ஓட்டத்தில் மருந்துக்கடை அம்மாவின் விரல் ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம் போகிறது. ஒரே மாலையில், சீவாளி மாதிரி வாயில் வைக்கிற ரீட் இரண்டைக் கடித்துத் துப்பினார். மூன்றாம் பாகத்தின் ஏழு தட்டுக்கு யாராலும் கணக்கு வைக்க முடியவில்லை. ஆறு போதும் என்று பாதிப் பேர், எட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று மீதிப் பேர். ட்ரம்பெட்டுக்காரரும் பேக்கரிக்காரரும் அடித்துக்கொள்ளாத குறை. மாஸ்டர் கத்துகிறார். விளையாட்டு மைதானத்தில் கத்துகிற அதே கத்தல். "என்னங்க இது, ஊதறீங்களா, கொட்டாவி விடறீங்களா?" என்கிறார், அதுவும் மருந்துக்கடை அம்மாவைப் பார்த்து.

என் உதடு வீங்கிவிட்டது. கடையில் வாடிக்கையாளரிடம் "இந்தக் கண்ணால பாருங்க" என்று சொல்ல 'ப' வரவில்லை. உன் அத்தான் வீட்டில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நடமாடுகிறார். சாப்பிட வாருங்கள் என்று சைகையில் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஹார்ன் தனியாக வருகிற இடம் எனக்குப் பயம் என்று எழுதியிருந்தாய். பயம்தான். கிளாரினெட்டுகள் அடியில் முனகிக்கொண்டிருக்க, மேலே ஒருத்தி மட்டும், ஒரே மூச்சில், ஏறிக்கொண்டே போக வேண்டும். மண்டபமே பார்க்கும். பயப்படாமல் என்ன செய்வார்கள்? தினமும் காலையில் கடை திறக்குமுன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதை ஊதிப் பார்க்கிறேன். மேல் ஸ்வரம் உடைகிறது. மறுபடி ஊதுகிறேன். எதிர்க்கடைக்காரர் வந்து, "உள்ள மாடு ஏதும் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

ட்ரில் மாஸ்டர். எனக்கு வேறு வார்த்தை வரவில்லை, அதனால் அதையே இன்னொரு முறை எழுதுகிறேன். ட்ரில் மாஸ்டர்.

அவருக்கு நோட்டேஷன் படிக்கவே வராது. மேளத்துக்கு எங்கே அடிக்க வேண்டும் என்று நான்தான் வட்டம் போட்டுக் கொடுப்பேன். அவர் கையில் அந்த இசை. அதை எழுதியவருக்குக் கை கால் நடுங்கும்.

ஏழு தட்டை ஏழாக எண்ணினால் யாருக்கும் வராது. இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரித்துச் சொல்லச் சொல். மூன்றாவதில் உடம்பைச் சாய்க்க வேண்டும். இதை உதவி என்று எடுத்துக்கொள்ளாதே. தப்பாக வாசிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் கெஞ்சியபோது ஊதாதவர்கள், நான் போன பிறகு நடக்கிறீர்கள், எழுந்து நிற்கிறீர்கள், உதடு வீங்க ஊதுகிறீர்கள். எதற்காக? இசைக்காகவா? என்னைக் கேவலப்படுத்த. அதற்குப் போய் இத்தனை பாடு. இனி குழுவைப் பற்றி எனக்கு எழுதாதே. அத்தான் உடம்பு, கடை, வீடு, இவற்றை எழுது.

இப்படிக்கு,
தம்பி


செப்டம்பர் 17

தம்பிக்கு,

அத்தான் உடம்பு நன்றாக இருக்கிறது. கடை நடக்கிறது. வீடு இருக்கிற இடத்தில் இருக்கிறது. முடிந்தது. இனி குழுவைப் பற்றி எழுதுகிறேன்.

மருந்துக்கடை அம்மா ஆகஸ்டில் கோபித்துக்கொண்டு போய்விட்டார். "என்னங்க இந்த ஓட்டம், இங்க யாரும் அவசரமா மாத்திரை கேக்கல, கொஞ்சம் மெதுவா" என்று பேக்கரிக்காரர் சொன்னதுதான் காரணம். நான் கடைக்குப் போய் நின்றேன். கவுண்டரில் ஆள் இருந்ததால் தலைவலி மாத்திரை வாங்குகிற மாதிரி நிற்க வேண்டியிருந்தது. கூட்டம் போனதும், "அந்த ஓட்டம் எனக்கு வந்துடுச்சு தெரியுமா? வீட்டுல, சமையல் கட்டுல, முழுசா வந்துடுச்சு. அதச் சொல்லலாம்னு ஓடி வந்த அன்னிக்குத்தான் அந்த ஆளு அப்படிப் பேசினாரு" என்றார். கண் கலங்கியிருந்தது. பேக்கரிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்கவைத்தேன். அவர் கேட்ட விதம் இன்னொரு சண்டை மாதிரி இருந்தது, ஆனால் அம்மா வந்துவிட்டார். நேரத்துக்கே வருகிறார்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். முதல் பாகம் முடித்து இரண்டாவதில் இறங்கினோம். கிளாரினெட்டுகள் அடியில் பிடித்தன. நான் வாயில் வைக்கப் போகிற நேரம் கீழே மணி அடித்தது. டிராம்போன்காரர் வாத்தியத்தை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினார். வண்டி சைரனோடு கிளம்பிற்று. நாங்கள் எப்போதும் அதோடு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவோம். நீயும் கோலைக் கீழே வைத்துவிடுவாய். மாஸ்டர் வைக்கவில்லை. கையை அப்படியே மேலே தூக்கிப் பிடித்திருந்தார். "யாரும் வாத்தியத்த இறக்காதீங்க" என்றார். சைரன் தெருமுனை தாண்டிக் கேட்காமல் போகிறவரை கிளாரினெட்டுகள் அதே ஒரு ஸ்வரத்தில் நின்றன. அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் ஊதினேன். எப்படி என்று கேட்காதே. ஏறிக்கொண்டே போனேன், உடையவில்லை. மேலே போய் நின்றபோது, அடியில் ட்யூபா வந்து சேர்ந்தது. அந்த ஆள் பன் தின்கிறவர்தான். ஆனால் அந்த ஒரு ஸ்வரத்தை அவர் எனக்குக் கீழே கொண்டுவந்து வைத்த விதம், ஏணியில் நிற்கிறவளுக்குக் கீழே ஒருவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொள்வது போல இருந்தது. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. நிறுத்தாமல் மூன்றாம் பாகத்துக்குள் போனோம். இரண்டு, இரண்டு, மூன்று. ஆமாம், நீ சொன்னதுதான், அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். எல்லோரும் மூன்றாவதில் சாய்ந்தோம். நடுவில், அடுத்த தெருக் குப்பைத் தீயை அணைத்துவிட்டு டிராம்போன்காரர் திரும்பி வந்தார். முகமெல்லாம் கரி. தொப்பியைக்கூடக் கழற்றாமல், நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, வாத்தியத்தை எடுத்து உள்ளே பாய்ந்தார். சரியான இடத்தில். முடித்தபோது ட்ரம்பெட்டுக்காரர், "நாமளாங்க இது?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சந்தோஷம். வாசல் கதவைத் திறக்கும்போது கோபம் வந்துவிட்டது. உன்மேல்தான்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த மாஸ்டருக்கு நோட்டேஷன் தெரியாது, நீ சொல்வது சரி. ஆனால் இந்த மனுஷன் எங்களைத் திட்டுகிறார். நாங்கள் செய்வோம் என்று நினைத்துத் திட்டுகிறார். நீ எங்களை ஒருநாளும் திட்டியதில்லை. தப்பு வந்தால் கண்ணை மூடிக்கொள்வாய். ஒரு பெருமூச்சு விடுவாய். "பரவால்ல, அடுத்ததுக்குப் போகலாம்" என்பாய். அடுத்த வாரம் இன்னும் சுலபமாக ஒன்றைக் கொண்டுவருவாய். அப்படியே எங்களை இறக்கிக்கொண்டே வந்தாய். பிறகு ஒருநாள் திடீரென்று யானையைக் கொண்டுவந்து வைத்து, தூக்குகிறீர்களா என்று கேட்டாய். கேட்கும்போதே உன் முகத்தில் பதில் இருந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன் என்கிறாயே, அதனால்தான் பார்த்தேன்.

அந்தப் பெருமூச்சை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வீட்டிலும் நீ அப்படித்தான். 'சரிக்கா.'

எழுதாதே என்றாய். எழுதிவிட்டேன்.

அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். இது அனுப்புவதற்காக எழுதுவது, அதனால் சுருக்கமாக.

நிகழ்ச்சி அன்றைக்கு நான் வந்து நடத்துகிறேன். ஒரு நாள் போதும். எனக்கு அதன் ஒவ்வொரு வரியும் தெரியும். மாஸ்டர் பயிற்சியில் சமாளித்துவிடுவார். மேடையில், வெளிச்சத்தில், மூன்றாம் பாகத்தில் கண்டிப்பாகக் கோட்டைவிடுவார். அப்படிக் கோட்டைவிட்டால் உங்கள் எல்லோரையும் சேர்த்துக் கவிழ்ப்பார். அதை நான் பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அவரிடம் கேள்.

தம்பி


அக்டோபர் 15

தம்பிக்கு,

கேட்டேன். மாஸ்டர் கோபப்படவே இல்லை. கோலை என்னிடம் நீட்டினார். "தம்பி வரட்டும்மா. அது படிச்ச புள்ள. நான் மேளத்துக்கே போறேன், எனக்கும் அங்கதான் நிம்மதி" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

வேண்டாம் என்று சொன்னது நான். கோலைத் திரும்ப அவர் கையில் திணித்தேன். மருந்துக்கடை அம்மா 'வரட்டுமே' என்று இழுத்தார். பேக்கரிக்காரர், "பெத்தது ஒருத்தர், பேர் வைக்க இன்னொருத்தரா?" என்றார். அதற்குமேல் பேச்சு இல்லை.

நீ ஜூன் மாதம் வந்து 'நானும் இருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் மாடிப்படியில் உட்கார வைத்து ஆரத்தி எடுத்திருப்பேன். இப்போது கடைசி நாளில் வந்து வெளிச்சத்தில் நிற்க வேண்டாம். கவிழ்ந்தால் நாங்களே கவிழ்ந்துகொள்கிறோம். மூன்றாம் வரிசையில், உன் அத்தானுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி உனக்கு. வா. உட்கார்ந்து கேள்.

அக்கா


டிசம்பர் 18

தம்பிக்கு,

நாற்காலி காலியாக இருந்தது. உன் அத்தான் தன் கோட்டை அதில் போட்டு, யாரையும் உட்காரவிடாமல் கடைசிவரை காவல் காத்தார். நான் மேடையிலிருந்து அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன ஆயிற்று என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். என் வாயாலேயே கேட்டுக்கொள். முதல் பாகம் பறந்தது. மருந்துக்கடை அம்மாவைப் பார்த்து முன்வரிசையில் ஒரு குழந்தை வாயைப் பிளந்தது. இரண்டாம் பாகத்தில் என் மேல் ஸ்வரம் உடைந்தது. ஆமாம். ஏறிப் போய், கடைசிப் படியில் உடைந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் நிறுத்தவில்லை. மறுபடி அதைப் பிடித்து, இருந்த மூச்சை வைத்து முடித்தேன்.

மூன்றாம் பாகத்தில் நீ ஆசைப்பட்டபடியே நடந்தது. ட்ரம்பெட்டுக்காரர் அவசரப்பட்டு முன்னாலேயே புகுந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்தார், எங்களை விட்டார். கொஞ்ச நேரம் ஆளுக்கு ஒரு ஊரில் இருந்தோம். நான் செத்தேன் என்று நினைத்தேன். மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? கோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, வாய்விட்டுக் கத்தினார். "ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு மூணு." மைதானக் குரல். மண்டபம் சிரித்தது. அவர் காதில் வாங்கவில்லை. முதலில் ட்யூபா வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம் டிராம்போன்கள். அப்புறம் நாங்கள் எல்லோரும். ஒட்டிக்கொண்ட பிறகு போன வேகம் இருக்கிறதே, எந்தப் பயிற்சியிலும் அப்படிப் போனதில்லை. கடைசி ஸ்வரத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சிரித்தவர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மறுபடி நாற்காலியைப் பார்த்தேன்.

வர மாட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தால்கூடப் போதும். இனி நானாக எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டியதில்லை. நன்றாக இரு.

அக்கா


டிசம்பர் 23

அக்கா,

நான் வந்திருந்தேன். மண்டபத்தின் பக்கவாசலில், தீயணைப்பு வண்டியை நிறுத்தியிருந்தார்களே, அதற்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். வண்டி ஓட்டுநர் என்னைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். அங்கிருந்து உன்னையும் ட்யூபாவையும் மாஸ்டரின் முதுகையும் பார்க்க முடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் என் கை சும்மா இருக்காது. அத்தான் பார்ப்பார். நீ பார்ப்பாய்.

முடிந்ததும் போய்விட்டேன். இருந்தால் வரிசையில் வந்து ஒவ்வொருவர் கையாகக் குலுக்கி, 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லியிருப்பேன். ரயிலில் போகப் போக ஆத்திரம் ஏறிக்கொண்டே வந்தது. ஐந்து நாளாகியும் இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதைப் பயிற்சியில் சத்தமாகப் படி. ஒரு வரியும் விடாதே.

உன் ஸ்வரம் ஏன் உடைந்தது என்று தெரியுமா? நடுவில் தோளைத் தூக்கித் திருட்டு மூச்சு எடுத்தாய். நான் பார்த்தேன். என்ன அக்கா இது? ஏறப்போகிற இடத்திலா மூச்சு எடுப்பார்கள்? கிளாரினெட்டுகள் ஸ்வரம் மாற்றுகிற இடம் ஒன்று அதற்கு முன்னாலேயே வருகிறது. அங்கே எடுத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது, உனக்கும் மிச்சம் இருக்கும். இத்தனை மாதம் ஷட்டரை இறக்கிவிட்டு ஊதியிருக்கிறாய், இது தெரியவில்லையா? எனக்கு அப்படியே உள்ளே வந்து உன் தோளை அழுத்திப் பிடிக்க வேண்டும் போல இருந்தது.

ட்ரம்பெட்டுக்காரரிடம் சொல், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டும், கூட்டத்தில் மச்சினன் வந்திருக்கிறானா என்று தேடக் கூடாது. மருந்துக்கடை அம்மாவின் ஓட்டம் அருமை. அருமை என்பதற்காக அவர் மற்ற கிளாரினெட்டுகளை நடுத்தெருவில் விட்டுவிட்டு முன்னால் ஓடலாமா? பின்னால் வருகிறவர்களுக்கும் மூச்சு என்று ஒன்று இருக்கிறது. டிராம்போன்கள் கடைசியில் இரைந்ததில் புல்லாங்குழல் செத்தே போய்விட்டது. பேக்கரிக்காரரை மட்டும் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த ஆள் இத்தனை வருஷம் என் முன்னால் உட்கார்ந்து பன் தின்றுகொண்டு இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார்? அதை நினைத்தால் அவர்மேல்தான் அதிகமாகக் கோபம் வருகிறது.

மாஸ்டர் வாய்விட்டுக் கத்தினாரே, நான் கோல் பிடித்திருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிறுத்தியிருப்பேன். கண்ணை மூடியிருப்பேன்.

பேப்பரில் நான் சொன்னது தப்பு. பொழுதுபோக்காக ஊதுகிறவர்கள் இவ்வளவு பெரிய தப்புகள் செய்ய மாட்டார்கள். தப்பே வராத இசையாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள்.

நான் இந்த வேலையை விட்டு வரப்போவதில்லை. இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. இவர்கள் நன்றாக வாசிக்கிறார்கள், நான் கற்றுக்கொள்கிறேன். அந்தக் கோல் இனி மாஸ்டருடையது. ஆனால் அவரிடம் சொல், மூன்றாம் பாகத்தின் தொடக்கம் மிக வேகம். அங்கேயே அவ்வளவு செலவழித்தால் கடைசிக்கு என்ன வைத்திருப்பீர்கள்? யானையை மூட்டை கட்டி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அது இன்னும் வரவில்லை. பாதிதான் வந்திருக்கிறது. ஜனவரியில் முதல் பாகத்திலிருந்து மறுபடி எடுங்கள். இரண்டாவது வாரம் எனக்கு வியாழக்கிழமை ஓய்வு. செவ்வாய்ப் பயிற்சியை அன்றைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டு எழுது.

தம்பி